கூரைமேல் திரும்பி வந்த மின்வில்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், கட்டைவிரல் நீளமே உள்ள ஒரு சிறு கருவியைப் பற்றியது. கதிரவன் ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகளை ஒன்றோடொன்று பிணைக்கும் இணைப்பான் அது. கருநிறப் பிளாஸ்டிக்கால் ஆனது. ஒரு பாதியை மற்றொரு பாதிக்குள் செலுத்தினால் 'கிளிக்' என்னும் ஒலியோடு பூட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட இணைப்பான் ஒன்று பாதி உருகிக் கருகிய நிலையில் என் மேசைமேல் பல ஆண்டுகளாக இருந்து வருகின்றது. அது அங்கு வந்த கதையை முதலில் கூறிவிடுகின்றேன்.

நான் தலைமையாசிரியனாக இருந்த கடைசி ஆண்டுகளில் எங்கள் பள்ளியின் மொட்டைமாடியில் சூரியத் தகடுகள் பொருத்தப்பெற்றன. மாணவர்களும் ஆசிரியர்களும் அளவற்ற மகிழ்ச்சி அடைந்தோம். வேலை முடிந்ததும் ஒரு சான்றினை நீட்டினார்கள்; ஒப்பமிட்டேன். தகடுகளின் மேற்புறம் கண்ணாடிபோல் பளபளத்தது. கீழ்ப்புறத்தை நான் குனிந்து பார்க்கவில்லை.

ஓராண்டு கழியுமுன் ஓர் ஏப்ரல் மாதத்து நண்பகலில், மாடியில் ஏதோ தீய்கின்ற நாற்றம் வீசுவதாக அலுவலக உதவியாளர் ஓடிவந்து சொன்னார். விடுமுறை நாளாதலால் வகுப்பறைகளில் பிள்ளைகள் இல்லை. பள்ளியில் மின்வேலை பார்த்துவந்த இளைஞர் ஒருவரை அழைத்துக்கொண்டு மேலே சென்றேன். தகடுகளின் அடியில் ஒதுங்கிக் கிடந்த வேப்பஞ்சருகுகள் புகைந்துகொண்டிருந்தன. அவற்றின்மேல் தொங்கிய இணைப்பான் ஒன்று வளைந்து உருகியிருந்தது. இளைஞர் கீழே ஓடி, பள்ளியின் தலைமைச் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார். வந்தவர், இனி அச்சமில்லை என்று எண்ணி, அந்த இணைப்பானை இரு கைகளாலும் பிடித்து இழுத்தார். இரு முனைகளுக்கும் இடையே கண்ணைப் பறிக்கும் வெண்ணீல ஒளி ஒன்று, விரல் நீளத்திற்கு, இரைந்துகொண்டே எழுந்து நின்றது. அவர் கையை உதற, முனைகள் அகன்று விழுந்தன, ஒளி அவிந்தது. வலக்கையின் இரு விரல்களும் உள்ளங்கையும் வெந்துவிட்டன. சருகுகளின்மேல் மணலைக் கொட்டி அணைத்துவிட்டு அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். போகும் வழியெல்லாம் அவர் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தார்: "மெயினை அணைத்துவிட்டேனே ஐயா, கரண்டு எங்கிருந்து வந்தது?"

அந்த ஒளியை நான் அறிவேன். முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் நான். கரும்பலகையில் இரு கரிக்கோல்களை வரைந்து, இடையே வளைந்த கோடொன்று இட்டு, 'மின்வில்' என்று எழுதிக் காட்டியிருக்கின்றேன். அது என் பள்ளியின் கூரைமேல் வந்து நிற்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இளைஞர் கேட்ட கேள்விக்கு விடை காண இருநூறு ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும்.

1800-ஆம் ஆண்டில் இத்தாலியரான வோல்ட்டா, துத்தநாகத் தகடும் வேறோர் உலோகத் தகடுமாக மாற்றி மாற்றி அடுக்கி முதல் மின்கல அடுக்கினை உலகுக்கு அறிவித்தார். இரண்டே ஆண்டுகளில், 1802-இல், உருசிய நாட்டுப் பெத்ரோவ் என்பார் பல்லாயிரம் வோல்ட்டா தட்டுகளை அடுக்கிய மாபெரும் மின்கலத்தின் முனைகளில் கரித்துண்டுகளைப் பொருத்தி, அவற்றைத் தொடவைத்துப் பின் சிறிது விலக்கினார். இடைவெளியில் பேரொளி தோன்றியது. இலண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி, சில ஆண்டுகளுக்குப் பின், 2,000 இணைத் தகடுகள் கொண்ட மின்கலத்தால் அதனையே அவையோர் முன் காட்டினார். கரிக்கோல்களைக் கிடையாக வைத்தபோது வெப்பத்தால் மேலெழுந்த காற்று அவ்வொளியை வில்போல் வளைத்தது. பெயரும் அதனால் வந்தது.

மின்வில் என்பது யாது? காற்று மின்சாரத்தைக் கடத்தாது என்பது பொதுவான உண்மை. ஆயினும், மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கும் இரு முனைகளைப் பிரிக்குங்கால், கடைசியாக விலகும் புள்ளியில் உலோகம் காய்ந்து ஆவியாகின்றது. அவ்வாவியும் சூழ்ந்த காற்றும் மின்னேற்றம் பெற்றுத் தாமே கம்பியாகிவிடுகின்றன. பல்லாயிரம் பாகை வெப்பமுள்ள கம்பி அது. செம்பு உருகுவதற்கு 1,085 பாகை செல்சியசு போதும். ஆதலின் மின்வில் தன்னைத் தாங்கி நிற்கும் உலோகத்தையே உண்டு வளரும். ஒருமுறை பற்றிவிட்டால், முனைகளை வெகுதூரம் விலக்கினாலன்றி, அல்லது ஓட்டத்தை நிறுத்தினாலன்றி, அது அணையாது.

இப்போது எடிசனின் காலத்திற்கு வருவோம். நியூயார்க்கு நகரில் பேர்ல் தெருவில் அவர் நிறுவிய மின்னிலையம் 1882 செப்டம்பர் 4-ஆம் நாள் இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 110 வோல்ட்டு, நேர்திசை மின்னோட்டம். கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் ஓட்டம் அளவு கடந்து பெருகித் தீப்பிடிக்கும் என்பதை எடிசன் முன்னமே உணர்ந்திருந்தார். அதற்கெனப் பாதுகாப்புக் கம்பி ஒன்றினை வகுத்து, 1880-இலேயே காப்புரிமையும் பெற்றார். அளவுக்கு மிஞ்சிய ஓட்டம் பாயும்போது அந்த மெல்லிய துண்டு தான் உருகி, வீட்டைக் காக்கும். நம் இல்லங்களில் இன்றுள்ள மின் உருகிக்கு மூதாதை அதுவே. இந்த உருகியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன். பின்னர் அதனிடம் திரும்பி வருவோம். அவ்வளவு முன்னெச்சரிக்கை இருந்தும் பேர்ல் தெரு நிலையம் 1890 சனவரியில் தீக்கு இரையாயிற்று.

நேர்திசை மின்னோட்டத்தைத் தொலைதூரம் கொண்டுசெல்வது அக்காலத்தில் பெருஞ்செலவு. மாறுதிசை மின்னோட்டமோ, மின்மாற்றியின் துணையால் அழுத்தம் ஏறியும் இறங்கியும் நெடுந்தொலைவு சென்றது. போட்டியில் அதுவே வென்றது. 1896-இல் நயாகரா அருவியின் மின்சாரம் பஃபலோ நகரை எட்டியது. நம் காவிரியும் பின்தங்கவில்லை. 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கச் சுரங்கத்திற்கு மின்சாரம் சென்றது.

இவ்வெற்றியால் விளைந்த நன்மை ஒன்றைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் நாட்டு மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்றுகள் உடையது. அதாவது, ஒவ்வொரு நொடியிலும் 100 முறை அது சுழியத்தைத் தொட்டுத் திரும்புகின்றது. சுவிட்சை அணைக்கும்போது எழும் சிறு மின்வில், அடுத்த சுழியம் வந்தவுடன் உணவின்றி மாய்கின்றது. நம் வீட்டுச் சுவிட்சு கைக்கு அடக்கமாக, மலிவாக இருப்பதற்கு இதுவும் காரணம். நேர்திசை ஓட்டத்தில் அந்தச் சுழியம் வருவதே இல்லை. இதனை அக்கால மின்தொழிலாளர் நன்கு அறிந்திருந்தனர். சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடிய டிராம் வண்டிகள் நேர்திசை மின்சாரத்தில் ஓடியவையே. மேற்கம்பியிலிருந்து வண்டியின் கோல் நழுவும்போது பச்சையும் நீலமுமாகப் பொறி பறந்ததை என் தந்தையார் வருணிக்கக் கேட்டிருக்கின்றேன். டிராம் மறைந்தது, அதனை அறிந்த கைகளும் மறைந்தன. நியூயார்க்கில் எடிசன் வழிவந்த நேர்திசை மின்வழங்கலின் எச்சம் 2007 நவம்பரில் துண்டிக்கப்பட்டது. வீட்டு மின்வேலை என்றால் மாறுதிசை வேலையே என்று ஒரு தலைமுறை முழுவதும் பழகிப்போயிற்று. பயிற்சி நூல்களும் அவ்வாறே அமைந்தன. நான் கற்பித்த பாடமும் அதற்கு விலக்கன்று.

இதற்கிடையில் மற்றொரு வரலாறு மெல்ல வளர்ந்து வந்தது. ஒளி பட்டால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1839-இல் பிரெஞ்சு நாட்டு இளைஞர் பெக்கரல் கண்டறிந்தார். 1883-இல் அமெரிக்கரான ஃபிரிட்ஸ் செலீனியத்தால் ஒளிமின்கலம் செய்தார். அதன் பயன் மிகச் சொற்பம். 1954 ஏப்ரல் 25-ஆம் நாள் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சேப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவர் சிலிக்கன் மின்கலத்தை உலகுக்குக் காட்டினர். விழும் ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரமாயிற்று. அன்று அதனால் இயக்கிக் காட்டியவை ஒரு பொம்மை இராட்டினமும் ஒரு சிறு வானொலிக் கருவியும். 1958-இல் வான்கார்டு என்னும் செயற்கைக்கோளில் ஏறி அது விண்வெளிக்கும் சென்றது. பொம்மை இராட்டினத்தின் கம்பி இணைப்பு தீப்பிடிக்குமா என்று எவர் கேட்டிருப்பர்?

தகடுகள் வீட்டுக் கூரைக்கு வந்தபோதுதான் நிலைமை மாறியது. செருமனி 1990-இல் ஆயிரம் கூரைத் திட்டம் என்பதனைத் தொடங்கியது. முடிவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கூரைகளில் தகடுகள் ஏறின. ஒவ்வொரு தகட்டின் பின்னும் உள்ள பெட்டியைத் திறந்து, கம்பியைத் திருகாணியால் இறுக்குவது அக்கால வழக்கம். மெதுவான வேலை, மின்வேலை கற்றவரே செய்யத்தக்க வேலை. பின்னர், 1996-இல், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மல்ட்டி-காண்டாக்ட் நிறுவனம் செருகிப் பூட்டும் இணைப்பானைக் கொணர்ந்தது. அதன் அடுத்த வடிவமே எம்.சி.4 என இன்று உலகெங்கும் வழங்குவது. உள்ளே இருக்கும் ஊசியின் குறுக்களவு 4 மில்லிமீட்டர் என்பதால் அப்பெயர். மிக அரிய கருவி அது என்பதில் ஐயமில்லை. மழையும் வெயிலும் புகாது. கையால் பிரிக்கவும் இயலாது. அது இன்றேல் கோடிக்கணக்கான தகடுகள் கூரை ஏறியிருக்கமாட்டா. ஆனால் அந்தக் 'கிளிக்' ஒலி ஒரு மயக்கத்தையும் உடன் கொணர்ந்தது. செருகினால் முடிந்தது வேலை என்ற மயக்கம் அது.

சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்; ஆசிரியன் வழக்கம், பொறுத்தருள்க. ஒரு தகட்டின் அழுத்தம் 40 வோல்ட்டு எனக் கொள்வோம். 20 தகடுகளைத் தொடராகக் கோத்தால் 800 வோல்ட்டு. அதன் வழியே 10 ஆம்பியர் ஓடுகின்றது. நல்ல இணைப்பானின் மின்தடை ஓர் ஓமில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவே. ஓட்டத்தின் வருக்கத்தைத் தடையால் பெருக்கினால், அதில் வெப்பமாவது ஒரு வாட்டில் இருபதில் ஒரு பங்கு, தொட்டாலும் தெரியாது. கம்பியை ஊசியோடு சரியாகப் பிணைக்காமையால் அதே தடை அரை ஓமாக ஏறிவிட்டால் 50 வாட்டு! பற்றவைக்கும் மின்கோலின் வெப்பம் முழுவதும் கட்டைவிரல் அளவுள்ள பிளாஸ்டிக்குக் கூட்டுக்குள் நாள்தோறும் எரியும். கூடு இளகும், ஊசி தளரும், தளர்ந்தால் தடை மேலும் ஏறும். ஒருநாள் இரண்டும் மயிரிழை அளவு விலகும். அப்போது டேவியின் வில் கூரையின்மேல் எழும்.

இனி உருகியிடம் திரும்புவோம். வீட்டில் இரு கம்பிகள் தொட்டுக்கொண்டால் மின்வாரியக் கம்பியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்கின்றது; உருகி உருகிவிடுகின்றது. 10 ஆம்பியர் தரும் சூரியத் தகட்டின் இரு முனைகளையும் நேரே இணைத்துவிட்டால் எவ்வளவு தரும்? பத்தரை, மிஞ்சினால் பதினொன்று. விழும் ஒளி எவ்வளவோ அவ்வளவே அதனால் தர முடியும். எடிசனின் உருகி, பெருவெள்ளத்திற்குக் கட்டிய மதகு. இங்கோ வெள்ளமே வருவதில்லை. மின்வில் மூண்ட பொழுதோ ஓட்டம் சிறிது குறையத்தான் செய்யும். உருகி அதனை அறியவே அறியாது. நூற்றிருபது ஆண்டுகளாக நாம் நம்பியிருந்த காவலன் கூரைமேல் உறங்கிப்போனான் என்பது உலகுக்குத் தெரியச் சில தீவிபத்துகள் வேண்டியிருந்தன.

2009 ஏப்ரல் 5-ஆம் நாள் கலிபோர்னியா மாநிலத்துப் பேக்கர்சுபீல்டு நகரில் பெருங்கடை ஒன்றின் கூரையில் தகடுகள் தீப்பற்றின. ஆராய்ந்தோர் கண்டது இது: கம்பியொன்று முன்னமே உறை கிழிந்து உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது; அதனால் கசிந்த ஓட்டம் மிகக் குறைவாக இருந்தமையின் பாதுகாப்புக் கருவி அதனைப் பொருட்படுத்தவில்லை. மறைந்திருந்த அப்பழுதின்மேல் இரண்டாவது பழுது சேர்ந்தபோது, காப்பதற்கு வழியில்லாமற் போயிற்று. 2013 செப்டம்பர் முதல் நாள் நியூசெர்சியில் டெலாங்கோ என்னுமிடத்தில் பெரிய கிடங்கு ஒன்று எரிந்தபோது, கூரையில் ஆயிரக்கணக்கான தகடுகள் பகலொளியில் மின்சாரம் ஈன்றுகொண்டிருந்தமையால் தீயணைப்போர் கூரை ஏற இயலவில்லை. தீ தகடுகளால் மூண்டதா என்பது வேறு; அணைக்க முடியாத மின்னிலையம் தலைக்குமேல் இருந்தது என்பதே அன்றைய இடர்.

அமெரிக்க மின்விதித் தொகுப்பு 2011-ஆம் ஆண்டுப் பதிப்பில், கூரைமேல் செல்லும் நேர்திசைச் சுற்றுகளில் மின்வில்லைக் கண்டறிந்து நிறுத்தும் கருவி வேண்டும் என்றது. 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில், நெருக்கடி நேர்ந்தால் கட்டடத்தினூடே வரும் கம்பிகளின் அழுத்தத்தை நொடிப்பொழுதுகளில் இறக்கும் ஏற்பாட்டையும் கேட்டது. மின்வில்லை எவ்வாறு கண்டறிவது? அதன் இரைச்சலால். இந்த இடத்தில் வானொலிக்கு ஓர் உறவுமுறை உண்டு. 1900-ஆம் ஆண்டளவில் டட்டெல் என்னும் ஆங்கிலேயர் மின்வில்லைப் பாடவைத்தார்; 1903-இல் டென்மார்க்கினரான பூல்சன் அதையே வானொலி அலை பரப்பும் கருவியாக்கினார். வானொலியின் பாட்டனார் வரிசையில் மின்வில்லுக்கும் ஓர் இடமுண்டு. இன்று இன்வெர்ட்டர்ப் பெட்டிக்குள் அமர்ந்து அந்தக் கரகரப்பைச் செவிமடுத்துக் காவல் புரியும் நுண்கருவி, அந்தப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றது.

அச்சத்தை மிகைப்படுத்தவும் கூடாது. செருமனியில் ஏறத்தாழ 13 இலட்சம் அமைப்புகள் இருந்த காலத்தில் ஃபிரௌன்ஹோபர் ஆய்வு நிலையமும் டியூவ் இரைன்லாந்து நிறுவனமும் கூடி ஆராய்ந்தன. தீயோ வெப்பச் சிதைவோ நேர்ந்தவை ஏறத்தாழ 430. அவற்றுள் சூரிய அமைப்பே காரணமானவை ஏறத்தாழ 210 மட்டுமே. நம் சமையலறையை நோக்க இது சிறிய எண். அந்தச் சிறு எண்ணுக்குள்ளும் நிறுவுவோர் பிழைக்கே பெரும் பங்கு. நெதர்லாந்தின் டி.என்.ஓ. நிலையம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையும் இணைப்பான்களையே முதன்மையாகச் சுட்டியது. ஒரு நிறுவனத்தின் ஆண் பகுதியை மற்றொரு நிறுவனத்தின் பெண் பகுதியோடு செருகுவது அவற்றுள் தலையாய பிழை. இரண்டும் பார்வைக்கு ஒன்றே. 'கிளிக்' என்றும் கேட்கும். ஆயினும் உள்ளே உலோகப் பூச்சு வேறு, நுண்ணளவு வேறு. ஒரே நிறுவனத்தின் ஒரே வகையைத்தான் இணைக்கலாம் என்று அனைத்துலக மின்தொழில் விதிகள் கூறுகின்றன. 'எம்.சி.4-க்குப் பொருந்தும்' என்று பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருப்பதை அந்த விதிகள் ஏற்பதில்லை. மற்றொரு பிழை, 'கிரிம்பிங்' என்று தொழிலாளர் கூறும் பிணைப்பினை அதற்குரிய கருவியால் செய்யாமல் சாதாரணக் குறட்டால் நசுக்குவது.

ஆஸ்திரேலியாவின் அனுபவம் வியப்புக்குரியது. 2012-ஆம் ஆண்டு விதியின்படி அங்குத் தகடுகளின் அருகே கூரையிலேயே ஒரு துண்டிப்புச் சுவிட்சு கட்டாயமாக்கப்பட்டது. நல்லெண்ணத்தால் பிறந்த விதி அது. ஆனால் அந்தச் சுவிட்சுப் பெட்டிக்குள் மழைநீர் புகுந்தது, வெயில் உறையைப் பிளந்தது, தொடுமுனைகள் அரித்துப்போயின, கூரைத் தீக்களுக்கு அப்பெட்டிகளே பெருங்காரணம் எனத் தீயணைப்புத் துறையினர் கூறலாயினர். 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. காப்பதற்கு வைத்த கருவியும் ஓர் இணைப்புத்தானே! ஓர் இணைப்பைக் கூட்டினால் தளரக்கூடிய இடம் ஒன்று கூடுகின்றது.

என் பள்ளிக் கூரையில் நிகழ்ந்தது என்ன என்பதைப் பின்னர்ப் பொறியாளர் ஒருவர் வந்து ஆராய்ந்து சொன்னார். கட்டாமல் விட்ட இரு கம்பிகள் காற்றில் ஆடி, தாங்கியின் கூரிய இரும்பு விளிம்பில் உராய்ந்து உறை தேய்ந்திருந்தன. இரும்பின் வழியே இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிட்டதால், தகடுகளின் ஓட்டம் கூரையின்மேலேயே வட்டமிட்டுக்கொண்டிருந்தது. கீழேயுள்ள மெயினுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அந்த ஓட்டத்தைச் சுமந்த வழியில் இருந்த தவறான இணைப்பான் காய்ந்து உருகியது. இளைஞர் அதனைப் பிரித்தபோது வில் எழுந்தது. இதுவே அவர் கேள்விக்கு விடை. ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பத்து நாட்களாக இன்வெர்ட்டர்ப் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் அறைக்குச் செல்லும் நடைவழியில்தான் அப்பெட்டி இருந்தது. நான் அதனை நாள்தோறும் கடந்து சென்றேன்.

2024-இல் நடுவண் அரசு ஒரு கோடி வீடுகளின் கூரைக்குச் சூரிய மின்சாரம் கொண்டுசெல்லும் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் தெருவிலும் பல கூரைகள் பளபளக்கின்றன. அந்த இளைஞர் இப்பொழுது இதே வேலையைத் தொழிலாகக் கொண்டிருக்கின்றார். வலக்கைச் சுட்டுவிரல் முழுதும் மடங்காது. சென்ற மாதம் பள்ளிக் கூரையைச் சோதிக்க அவர் வந்தபோது நானும் உடன் சென்று, டார்ச்சு விளக்கோடு தகடுகளின் அடியில் படுத்துப் பார்த்தேன். அவர் முதலில் ஓட்டத்தை அளந்தார். பிறகு தகடுகளைக் கனத்த தார்ப்பாயால் மூடினார். மீண்டும் அளந்து, சுழியம் என்று கண்ட பின்னரே கை வைத்தார். 24 இணைப்பான்களில் 9 இன்னும் இருவேறு நிறுவனப் பாதிகளாக இருந்தன. ஒன்பதையும் வெட்டி எறிந்து, உரிய கருவியால் புதியவற்றைப் பிணைத்தார். நண்பகலில் தொடங்கிய வேலை பொழுது சாயும்வரை நீண்டது.

பணி முடிந்ததற்கான அந்தப் பழைய சான்றின் படி பள்ளி அலுவலகக் கோப்பில் இன்றும் இருக்கின்றது. 'அனைத்தும் நேரில் பார்வையிடப்பட்டன' என்ற அச்சு வரியின் கீழே என் ஒப்பம் உள்ளது.